இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள்

ஊதி அணைத்த மெழுகுவத்தியின் வாசனை எனக்கு ஆகாது. மற்றவர்கள் கைதட்டிச் சிரிக்கிற அந்த நொடியில், திரியிலிருந்து நூலாகப் புகை எழும்புகிற அந்த நொடியில், நான் வாசல் கதவைத் திரும்பிப் பார்ப்பேன். போன மாதம் எதிர்வீட்டுக் குழந்தைக்குப் பிறந்தநாள். கோயம்புத்தூரில் ஒரு சாதாரண வரவேற்பறை, காகிதத் தட்டு, பலூன்கள். கருகிய திரியும் வெனிலாவும் கலந்து மூக்கில் ஏறியதுதான் தாமதம், நான் ஷார்ஜாவில், ஐந்தாம் மாடியில், பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். என் விரல் தானாகவே உதட்டின்மேல் போய் நின்றது. உஷ். பக்கத்தில் நின்ற பெண்மணி என்னங்க, ஏதாவது வேணுமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். பிறந்தநாள் என்றால் எனக்குப் போலீஸ் ஞாபகம் வரும் என்று எப்படிச் சொல்வது.

அந்தக் கட்டிடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. கதவு எண்தான் பெயர். இருநூற்று மூன்றின் அம்மா, முந்நூற்று நாலின் அப்பா என்றுதான் சொல்வோம். நான் ஐந்நூற்று இரண்டு. என் கணவருக்குத் துபாயைத் தாண்டி ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் வேலை. இருட்டில் கிளம்பி, அந்த நெரிசல் சாலையில் ஊர்ந்து போய், ஊர்ந்தே திரும்பி வருவார். அவர் விசாவில் நான், எனக்குப் பின்னால் தொங்கிக்கொண்டு எங்கள் மகள். ஒரு நூலில் கோத்த மூன்று மணிகள். முதல் மணி நழுவினால் மற்ற இரண்டும் தரையில்தான்.

மகளுக்கு அப்போது கேஜி வகுப்பு. அவள் பொம்மைகளோடு ஆங்கிலத்தில் சண்டை போட்டாள். நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் வரும். சரி, ஆங்கிலமாவது வாசிக்கிறாளா என்று பார்த்தால் அதுவும் இல்லை. பாடப் புத்தகத்தைக் கடகடவென்று ஒப்பிப்பாள். படத்தைக் கையால் மறைத்தால் ஊமையாகிவிடுவாள். நெரிசலான வகுப்பில் படத்தைப் பார்த்துப் பாட்டாக மனப்பாடம் செய்திருக்கிறாள், அவ்வளவுதான். கல்யாணத்துக்கு முன் ஊரில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். எனக்கு அது பொறுக்கவில்லை. மாலையில் அவளை உட்காரவைத்து எழுத்தாக, ஓசையாக, ஆங்கிலம் பாதி தமிழ் பாதி என்று தொடங்கினேன். தமிழ்ப் புத்தகம் அங்கே எங்கே கிடைக்கும்? ஊருக்குப் போய் வருகிறபோது பெட்டியில் பருப்புப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவே வந்தால் உண்டு. அதனால் வாசல் கைப்பிடியில் செருகிவிட்டுப் போகிற சூப்பர் மார்க்கெட் விளம்பரத் தாள்களை வெட்டினோம். தக்காளி, கோழி, துணி துவைக்கும் தூள். அவைதான் எங்கள் பாடநூல்.

சேதி மாடிப்படி இறங்கிப் போனது. இருநூற்று மூன்றின் இரட்டையர்கள் வந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பையன்கள், ஒருவன் தொடங்கும் வாக்கியத்தை இன்னொருவன் முடிப்பான். பிறகு முந்நூற்று நாலின் பெண் வந்தாள். என் மகள் வயது, அதே வகுப்பு. அவள் அப்பா தொழிற்பேட்டையில் சாரக் குழாய்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா திருநெல்வேலிக்காரி. கொண்டுவந்து விட்ட முதல் நாளே என் கையைப் பிடித்துக்கொண்டு, இவ வாயத் தொறக்கதே இல்லக்கா, ஸ்கூல்லயும் அதான் எழுதி அனுப்புதாங்க என்று கண் கலங்கினாள்.

வேண்டாம் என்றாலும் மாதம் பிறந்தால் இரண்டு அம்மாக்களும் என் கையில் எதையோ மடித்து வைத்துவிட்டுப் போனார்கள். அந்த மடிப்புத்தான் விளையாட்டை வேலையாக்கியது.

வேலை என்ற அந்தச் சொல்லை எனக்கு வாசித்துக் காட்டியது என் மகளேதான். வாசிக்க வந்துவிட்ட குழந்தை கண்ணில் பட்டதையெல்லாம் வாசிக்கும். ஷாம்பு பாட்டில், லிஃப்ட் தகடு, கேஸ் சிலிண்டர், எதையும் விடாது. லீவுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை அவள் என் பாஸ்போர்ட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். விசாப் பக்கத்தில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். ஹவுஸ் வைஃப். அடுத்தது மெதுவாக வந்தது. நாட். அலவ்டு. டு. வொர்க். எனக்கு உள்ளே ஒரு பெருமை பொங்கிக்கொண்டு வந்து பாதியில் உறைந்தது. அம்மா, வொர்க்குன்னா வேலைதானே, அப்ப நீ சமைக்கக் கூடாதா என்று கேட்டாள். அவள் அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்தியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சோபாவுக்கு அடியில் இரட்டையர்களின் தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு கிடந்தது.

அந்த லீவு முடிந்து வந்த பிறகுதான் பயம் எங்கள் வீட்டில் குடியேறியது. குவைத்தில் மங்காஃபில் இருந்த என் நாத்தனார் தொலைபேசியில் சொன்னாள். அவர்கள் கட்டிடத்தில் வீட்டிலேயே டியூஷன் எடுத்த ஒரு அம்மாவைப் பற்றி யாரோ எழுதிப் போட்டுவிட்டார்களாம். சாமான்களை விற்கக்கூட அவகாசமில்லாமல் குடும்பமே விமானம் ஏறியதாம். அது எந்த அளவு உண்மை, எங்கே கூடியது, எங்கே குறைந்தது, யாருக்குத் தெரியும். ஆனால் அந்த நாளிலிருந்து லிஃப்ட் எங்கள் மாடியில் நிற்கிற சத்தம் கேட்டால் என் வாக்கியம் அறுந்துவிடும். காலிங் பெல் வேறு குருவி மாதிரிக் கத்தும். குருவிச் சத்தத்துக்கு இப்படி வெலவெலத்துப் போன மனுஷி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நிறுத்திவிடு என்றார் கணவர். அவர் கத்துகிறவர் இல்லை. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கும் கலாஸ். பாப்பாவுக்கும் கலாஸ். அதை மட்டும் யோசிச்சுக்க."

யோசித்தேன். யோசித்துக்கொண்டேதான் மறுநாளும் கதவைத் திறந்தேன். ஏன் என்று இப்போது கேட்டால் தெரியாது. முந்நூற்று நாலின் பெண் அந்த வாரம்தான் 'மழை' என்ற சொல்லைத் தானாக வாசித்திருந்தாள். மழையை வாசித்துவிட்டு ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். வெளியே வழக்கம்போல வெயில் காய்ந்தது. அந்தத் திரும்பலுக்காக என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

நிறுத்துவதற்குப் பதிலாக ஒளிக்கக் கற்றுக்கொண்டோம். இந்தியர் வீட்டு வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணினால் உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும். ஆகவே குழந்தைகளின் ஷூக்கள் உள்ளே வந்தன. உள்ளேயும் இடமில்லை. குளியல் தொட்டிக்குள் வரிசையாக அடுக்கினோம், கரை சேர்ந்த படகுகள் மாதிரி. மிஸ் என்று யாரும் வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது, ஆன்ட்டிதான். சத்தமாக வாசிக்கக் கூடாது. எழுத்தைச் சொல்லிக் கைதட்டுவதற்குப் பதில் தொடையில் தட்ட வேண்டும். உலகத்தில் வேறு எந்த வகுப்பிலாவது அகர வரிசையைக் கோயில் கருவறைக்குள் பேசுவது மாதிரி ரகசியமாகச் சொல்லியிருப்பார்களா?

அப்புறம் கேக். அது இரட்டையர்களின் அம்மா யோசனை. யாராவது வந்து இத்தனை குழந்தைகள் ஏன் என்று கேட்டால்? பிறந்தநாள். அதைவிட நல்ல காரணம் எங்கே கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டியில் எப்போதும் ஒரு சின்னக் கேக் இருக்கும், மேலே ரோஸ் நிறக் கிரீம், நடுவில் செருகிய மெழுகுவத்தி. பெல் அடித்தால் நான் கேக்கை எடுப்பேன். மகள் தீப்பெட்டி கொண்டுவருவாள். இரட்டையர்கள் தாள்களைச் சோபாவுக்கு அடியில் தள்ளுவார்கள். முந்நூற்று நாலின் பெண் பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பல தடவை ஒத்திகை பார்த்தோம். ஒவ்வொரு மாலையும் பாடம் தொடங்குமுன் முதல் கேள்வி, இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள்? முறை வைத்து வரும். முறை வந்தவர் அன்று முழுக்க ஒரு சுற்று நிமிர்ந்தே உட்கார்ந்திருப்பார். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் வியாழக்கிழமை அந்தக் கேக்கைத் தின்றுவிட்டு அடுத்த வாரத்துக்குப் புதிது வாங்குவோம். குழந்தைகளுக்கு வியாழக்கிழமை திருவிழா. எனக்கு, ஒரு வாரம் பிடிபடாமல் தப்பிய நாள்.

கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார் வாட்ச்மேன். பெஷாவர்ப் பக்கத்துப் பட்டாணியர், கதவு அகலத்துக்கு ஆள். குழந்தைகளைப் பார்த்தால் எங்கே போறீங்க என்று இந்தியில் கேட்பார். பர்த்டே என்று இரட்டையர்கள் கோரஸாகச் சொல்வார்கள். ஒரு நாள் நான் காய்கறிப் பையோடு வரும்போது தாடியைச் சொறிந்துகொண்டே, "பாபி, ஆப்கே கர் மே ரோஜ் பர்த்டே?" என்றார். உங்கள் வீட்டில் தினமும் பிறந்தநாளா. அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தேடி எத்தனை நாள் அலைந்தேன். அடுத்த வியாழக்கிழமையிலிருந்து அவருக்கும் ஒரு துண்டு கீழே போனது. அன்பா லஞ்சமா என்று கேட்டால், இரண்டும் ஒரே தட்டில்தான் போனது.

கதை சொல்லும் நேரத்தில்தான் கொஞ்சம் மூச்சு விடுவோம். ஒரு ஊர்ல என்று நான் ஆரம்பித்த முதல் நாளே ஊருன்னா எந்த பில்டிங் என்று கேட்டான் இரட்டையர்களில் ஒருவன். அதோடு ஊர் போயிற்று. ஒரு பில்டிங்ல ஒரு ராஜா இருந்தார், அவருக்கு மொட்டை மாடிக்குக் கீழ் வீடு. சிங்கத்துக்கு நைட் டியூட்டி. நரிக்கு விசா முடிந்துவிட்டது. காக்கா விசிட் விசாவில் வந்து திரும்பிப் போகமாட்டேன் என்கிறது. நான் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வேன். பிறகு மெல்லக் கவனித்தேன். எந்தக் கதையை யார் சொன்னாலும் நடுவில் யாரோ வந்து கதவைத் தட்டினார்கள். முயல் உடனே விளக்கை அணைத்தது. ராஜா ஷூக்களைத் தொட்டிக்குள் போட்டார்.

முந்நூற்று நாலின் பெண்ணும் பேச ஆரம்பித்திருந்தாள். அவள் கதை எப்போதும் ஒன்றேதான். ஒரு வீட்டுக்குள்ள ஒரு பொண்ணு இருந்தா. கதவு தட்டினாங்க. அங்கேயே நின்றுவிடும். அப்புறம் என்று கேட்பேன். பலூன் நூலைத் திருகிக்கொண்டே இருப்பாள். யார் தட்டினாங்க, பொண்ணு கதவைத் திறந்தாளா, நீயே சொல்லேன். மாட்டாள். கண்கள் மட்டும் எங்கள் வாசல் கதவுக்குப் போய்விட்டுத் திரும்பும். என் பயம் பால் குடிக்கிற மாதிரி அவளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

கோடை வருமுன் ஒரு நாள் மணல் காற்று. காலையிலிருந்து வானம் செங்கல் நிறம். சூரியன் தேய்க்காத பித்தளைத் தட்டு மாதிரிப் பளபளப்பே இல்லாமல் தொங்கியது. ஜன்னல்களை எவ்வளவு இறுக்கினாலும் அந்த மாவுத் தூசி உள்ளே வந்துவிடும். மாலையில் பால்கனிக் கண்ணாடிக் கதவின் உட்புறம் முழுக்க மெல்லிய மண் படிந்து, அதைவிட நல்ல சிலேட்டு உலகத்திலேயே கிடையாது. குழந்தைகள் வந்ததும் வராததுமாக அதற்கு ஓடினார்கள். அ, ஆ, இ, ஈ. விரல் போன வழியெல்லாம் வெளிச்சம் கசிந்தது. எதிர்க் கட்டிடத்திலிருந்து பார்த்தால் தெரியுமே என்ற நினைப்பு எனக்கு வந்தது. ஆனால் முந்நூற்று நாலின் பெண் அவளாகவே ஒரு ஈ போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். துடைக்க மனம் வரவில்லை. அந்தக் கும்மாளத்தில் ஒன்றை மறந்துபோனோம். இன்றைக்கு யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்கவே இல்லை.

குருவி கத்தியது.

கதவுத் துளையில் கண்ணை வைத்தேன். முட்டைக்குள் தெரிவதுபோல் வளைந்த முகங்கள். வாட்ச்மேன். கோப்பு வைத்திருந்த, பேண்ட் சட்டை போட்ட ஒருவர். அவருக்குப் பின்னால் கணுக்கால்வரை தொங்கும் வெள்ளை அங்கி, கந்தூரா, அணிந்த ஒரு உயரமான அரபு மனிதர்.

திரும்பினேன். சொல்லத் தேவையில்லாமல் எல்லாம் நடந்தது. தாள்கள் சோபாவுக்கடியில் மறைந்தன. கேக் மேசைக்கு வந்தது. முதல் தீக்குச்சி ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. மூன்றாவதில் மெழுகுவத்தி பிடித்துக்கொண்டது. குருவி மறுபடி கத்தியது. திறந்தேன்.

கோப்புக்காரர்தான் பேசினார், இந்தியும் ஆங்கிலமும் கலந்து. இந்த வீட்டில் எத்தனை குடும்பம்? அப்போதெல்லாம் ஒரே வீட்டில் தடுப்புப் போட்டு இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது சகஜம். அதைப் பார்க்கத்தான் நகராட்சியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஒன்று, ஒன்றுதான் என்றேன். என் குரல் எனக்கே யாரோ பக்கத்து அறையில் பேசுவது மாதிரிக் கேட்டது. அவர் படுக்கையறையை எட்டிப் பார்த்தார். சமையலறையைப் பார்த்தார். கந்தூரா அணிந்தவர் குளியலறைக் கதவைத் தள்ளி உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார். தொட்டிக்குள் சின்னச் சின்ன ஷூக்கள், வரிசையாக. அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. பார்த்தார். அதற்கு நாங்கள் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

மிஸ் என்று தொடங்கினான் இரட்டையர்களில் ஒருவன். மற்றவன் அவன் காலை மிதித்தான்.

கந்தூரா அணிந்தவர் மேசைக்கு வந்தார். மெழுகுவத்தி உருகிக் கிரீமில் சொட்டிக்கொண்டிருந்தது. யாருக்குப் பிறந்தநாள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நல்ல, நிதானமான குரல். இரட்டையர்கள் ஒருவரை ஒருவர் சுட்டிக் காட்டினார்கள். என் மகள் இருவரையும் காட்டினாள். கோப்புக்காரரின் பேனா நின்றது. வாட்ச்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூட்கேஸ்கள் எந்த அலமாரிக்கு மேல் இருக்கின்றன என்று நான் யோசித்ததாக நினைவு. ஆமாம், அந்த நேரத்தில் அதைத்தான் யோசித்தேன்.

"மை பர்த்டே."

முந்நூற்று நாலின் பெண். சத்தமாக. எங்கள் வீட்டுக்குள் அந்த அளவு சத்தத்தில் ஒரு குழந்தை பேசி எத்தனையோ மாதமாகியிருந்தது. பலூன் நூலை விட்டுவிட்டு முன்னால் வந்து நின்றாள். உன் அப்பா எங்கே என்று கேட்டார் அவர். அவள் சொல்ல ஆரம்பித்தாள். அப்பா சைக்கிள் வாங்கப் போயிருக்கிறார். சிவப்பு சைக்கிள். வாங்கியாகிவிட்டது. ஆனால் சைக்கிள் லிஃப்டுக்குள் நுழையவில்லை. அதனால் தோளில் தூக்கிக்கொண்டு படியில் வருகிறார். மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்குகிறார். மூன்றாம் மாடியில் தண்ணீர் குடித்தார். இப்போது நாலாம் மாடி. மணி அடிக்கிறது பாருங்கள், சைக்கிள் மணி, படியில் இடிக்கும்போது தானாக அடிக்கிறது. இப்போது வந்துவிட்டார்.

"நௌ ஹி வில் நாக்" என்றாள்.

எல்லோரும் கதவைப் பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், எல்லோரும். கோப்புக்காரர், வாட்ச்மேன், அந்த உயரமான மனிதர், எல்லாம் பொய் என்று தெரிந்த நானும். ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை.

கந்தூரா அணிந்தவர் மெழுகுவத்தியைக் காட்டி, ஊது என்று கையால் சைகை செய்தார். அவள் ஊதினாள். புகை எழும்பியது. அந்த வாசனை. அதன் நடுவில்தான் அவர் பால்கனிக் கதவைப் பார்த்தார். அ, ஆ, இ, ஈ. காற்று அடங்கி, இறங்கிய வெயிலில் எழுத்துகளெல்லாம் தீப்பிடித்த மாதிரி இருந்தன. அருகே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு ஆட்காட்டி விரலால், எங்கள் எழுத்துகளுக்குக் கீழே, வலமிருந்து இடமாக எதையோ எழுதினார். விரல் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். நான் கேக்கை நீட்டினேன். நெஞ்சில் கை வைத்து வேண்டாம் என்று தலையசைத்தார். போய்விட்டார்கள். கடைசியாக வெளியேறிய வாட்ச்மேன் கதவை மிக மெதுவாகச் சாத்தினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

என்ன எழுதினார்? எத்தனை வருடம் அங்கே இருந்தேன், கடைப் பலகை, பேருந்து, மருந்துச் சீட்டு, எங்கும் அந்த அரபி எழுத்து. ஒரு நாளும் நின்று கற்றுக்கொள்ளவில்லை. படத்தை மறைத்தால் ஊமையாகிவிடும் குழந்தையாக நான் கண்ணாடி முன் நின்றேன். கொக்கி, புள்ளி, வளைவு. அதற்குள் எங்கள் மூவரின் தலைவிதி இருந்தது, எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

கணவர் வந்தார். ஷூவைக் கழற்றாமலே நின்று பார்த்தார். அவருக்குப் பேச்சு அரபியில் கிளம்பு என்கிற யல்லா தெரியும், இல்லை என்கிற மாஃபி தெரியும், எழுத்து தெரியாது. தொடாத என்று மட்டும் சொன்னார். யாரிடமாவது காட்டிக் கேட்கலாம் என்றேன். யாரிடம் காட்டுவது? மோசமான சொல்லாக இருந்தால் அவர்களுக்கும் தெரிந்துபோகும். திரைச்சீலையை இழுத்து அதை மூடினோம். மூடிய பிறகு அது இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

மறுநாள் மாலை இரட்டையர்களின் அம்மா அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். இனிமேல் அனுப்ப முடியாது, தப்பா நினைச்சுக்காதீங்க, அவங்க அப்பா ஒரேயடியாச் சொல்லிட்டார் என்று வாசலில் நின்றே சொன்னார். அதற்குள் ஒருவன் திரைச்சீலைக்குப் பின்னால் புகுந்துவிட்டான். இரண்டாம் வகுப்பில் அவர்களுக்கு அரபி உண்டு. எழுத்துக்குக் கீழே விரல் வைத்து, நான் கற்றுக்கொடுத்த அதே மாதிரி, ரகசியக் குரலில் கூட்டினான். மீம். பா. ரா. மற்றவன் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான். வாவ். காஃப். நான் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். என் வீட்டு வாசலில் இத்தனை மாதமாக அம்மாக்கள் எப்படி நின்றார்களோ அப்படி.

மப்ரூக் என்றார்கள் இருவரும்.

லிஃப்டுக்குள் எத்தனையோ தடவை காதில் விழுந்த சொல். குழந்தை பிறந்தால், கார் வாங்கினால், யாராவது பாஸானால். வாழ்த்துகள். அன்று லீவு போட்டிருந்த கணவர் சோபாவில் அப்படியே உட்கார்ந்தார். யாருக்கு வாழ்த்து? பிறந்தநாள் பெண்ணுக்கா, நாலு எழுத்துப் போட்ட குழந்தைகளுக்கா, தொட்டிக்குள் ஷூ அடுக்கிய எனக்கா? கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னாரா? இன்றுவரை தெரியாது. அதைத் துடைக்காமலே விட்டேன். புதுத் தூசி விழுந்து விழுந்து அது தானாக நிரம்பிப் போயிற்று.

முந்நூற்று நாலின் அம்மா அதற்கடுத்த நாள் வந்தாள். உட்காரவில்லை.

"யக்கா, இவ அப்பாட்ட சொல்லவே பயமா இருக்கு. நேர்ல பாத்தது மாதிரில்லா பொய் சொல்லிருக்கா."

அது பொய்யில்லை, கதை, இத்தனை நாளாக அவளுக்கு வராமலிருந்த கதை என்றேன்.

"கதைன்னா கேக்குதவனுக்கு அது கதைன்னு தெரியணும்லாக்கா" என்றாள்.

வகுப்பு அதோடு நின்றது. அந்தப் பெண் மட்டும் என் மகளோடு விளையாட வந்துகொண்டிருந்தாள். இப்போது தடையில்லாமல் வாசித்தாள். ஆனால் தினமும் உள்ளே நுழைந்ததும் ஷூவைத் தொட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. வேண்டாம் கண்ணு, வெளியவே இருக்கட்டும் என்றால் கேட்கமாட்டாள். கேக் வாங்குவதை நான் நிறுத்தினேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அந்தக் காலி இடத்தைப் பார்க்கும்போதெல்லாம் பயம் முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது.

நாங்கள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது கதவு வழியாக வரவில்லை. அந்தக் குளிர்காலத்தில் பணம் வற்றிப்போய், கட்டிட வேலைக் கிரேன்கள் ஒவ்வொன்றாக நின்றன. பாதி எழும்பிய கட்டிடங்கள் அப்படியே வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. கட்டிடம் எழும்பாவிட்டால் சாரம் யாருக்கு வேண்டும்? ஒரு மத்தியானம் முந்நூற்று நாலின் அப்பாவுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவ்வளவுதான். அவர் வேலையோடு அவர் விசா போயிற்று, அதோடு மனைவியும் மகளும். எதற்குப் பயந்து நாங்கள் குசுகுசுத்தோமோ அது, ஒரு தப்பும் செய்யாத வீட்டுக்குள் புகுந்து மூன்று பேரையும் தூக்கிக்கொண்டது.

கிளம்புகிற அன்று அவள் அம்மா பாதி மூட்டை அரிசியையும் துணி காயப்போடும் ஸ்டாண்டையும் எனக்குக் கொடுத்தாள். போகிறவர்கள் இருக்கிறவர்களுக்குத் தருவது அங்கே வழக்கம். வாங்கும்போது, அடுத்து நாம் யாருக்குக் கொடுப்போம் என்று நினைக்காதவர்கள் கிடையாது. கயிறு கட்டிய அட்டைப் பெட்டிகளை வாட்ச்மேன் இறக்கினார். நான் மூன்றாம் மாடிக்கு இறங்கிப் போனேன், மகளும் கூடவே. அப்பா லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். அது மூடப் பார்த்து மூடப் பார்த்துத் திறந்தது. ஊருக்குப் போய் நல்லா படிக்கணும், சத்தமா வாசிக்கணும், அங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டாங்க என்று குனிந்து அந்தப் பெண்ணிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். என் சேலையைப் பிடித்து இன்னும் கொஞ்சம் குனியச் சொன்னாள். காதில் சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். ஆனால் தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

"ஆன்ட்டி, யாராச்சும் வந்து கேட்டா என் பர்த்டேன்னு சொல்லுங்க. நான் உள்ள தூங்குறேன்னு சொல்லுங்க."